தெரியாது என்று சொன்ன செல்வாம்பாள்

செல்வாம்பாளுக்கு வலது கண் போனது ஒரு தேர்தல் நாளில். போக்கடித்தது யார் என்று உழவர்கரையில் அவள் தெருவுக்கும் சுற்றியிருந்த நாலைந்து தெருவுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்றபோது மட்டும் தெரியாது என்று சொன்னாள்.

வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். சக்கரபாணிக்கு வாழ்க்கைப்பட்டு உழவர்கரைக்கு வந்தாள். சக்கரபாணிக்குத் தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெல்டிங் வேலை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவளும் அதே எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனாள். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் பிடித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை.

கட்சிக்கு அவள் வந்தது தண்ணீரால். ஒரு கோடையில் குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. பெண்கள் குடங்களை நடுரோட்டில் அடுக்கி பஸ்ஸை மறித்தார்கள். போலீஸ் வந்து குடங்களை உதைத்துத் தள்ளியபோது குறுக்கே வந்து நின்றவன் வெற்றிச்செல்வன். அப்போது அவனுக்குக் கட்சியில் பெரிய பதவி ஒன்றும் கிடையாது. வார்டு ஆள், அவ்வளவுதான். அடி வாங்கினான், ஸ்டேஷனுக்குப் போனான், திரும்பி வந்தான். அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. செல்வாம்பாள் அன்றைக்கே மனசுக்குள் உறுப்பினராகிவிட்டாள். அட்டை பிறகுதான் வந்தது.

பேச்சுக்காரி இல்லை. மேடை ஏறமாட்டாள். ஆனால் ஓட்டுச்சாவடியில் கட்சி ஏஜெண்டாக உட்கார அவளைப் போல ஆள் கிடையாது என்று வெற்றிச்செல்வனே சொல்வான். காலையில் உட்கார்ந்தால் பெட்டிக்குச் சீல் வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டாள்.

தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பாராளுமன்றத் தேர்தல். வெயில் மண்டையைப் பிளந்த நாள். மத்தியானத்துக்கு மேல், எதிர்க்கட்சி ஆள் ஒருவன் வாக்காளர் அட்டையோடு வந்து நின்றான். அட்டையில் இருந்த பெயர், போன ஐப்பசியில் செத்துப்போன ஒருவருடையது. அவருக்குப் பாடை கட்டும்போது கூட நின்றவள் செல்வாம்பாள்.

"சார், இந்தப் பேருக்காரர் செத்துப் போயிட்டாரு. இவரு வேற ஆளு" என்றாள்.

அதிகாரி அவனைத் திருப்பி அனுப்பினார். வெளியே கூச்சல் கிளம்பியது. கொஞ்ச நேரம் பொறுத்து, அடக்க முடியாமல் ஒன்றுக்குப் போகலாம் என்று செல்வாம்பாள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். எதிர்க்கட்சிப் பந்தலிலிருந்து ஒரு சோடா பாட்டில் பறந்து வந்தது. அது வாசல் தூணில் பட்டு உடைந்து சில்லாகத் தெறித்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

உட்காருவதற்கு முன் அவள் பார்த்தாள். எறிந்த கை அரிகிருஷ்ணனுடையது. இரண்டு தெரு தள்ளி இருப்பவன், பந்தல் போடுகிற தொழில், அந்தக் கட்சியில் துடிப்பான ஆள். இன்னொருத்தியும் பார்த்தாள். பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஜீனத்துன்னிசா. அவள் புருஷன் பாவாவுக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் கோரைப் பாய்க்கடை. ஜீனத்தும் செல்வாம்பாளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், அந்தக் கோடையில் சேர்ந்து பஸ்ஸை மறித்தவர்கள். ஜீனத்து வரிசையை விட்டு ஓடிவந்து, தன் துப்பட்டியைச் சுருட்டி அவள் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அன்றைக்கு ஜீனத்து ஓட்டே போடவில்லை.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு முறை அறுத்துப் பார்த்துவிட்டு டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் ரேடியோ வைத்திருந்தார்கள். டெல்லியில் ஓர் ஆட்சி பதவியேற்றதும் அதில் கேட்டது. பதின்மூன்றே நாளில் அது கவிழ்ந்ததும் அதிலேயே கேட்டது.

"ஒரு கட்டு பிரிக்கிறதுக்குள்ள ஒரு கெவர்மெண்ட்டே போயிடுச்சா?" என்று கேட்டாள். சக்கரபாணி ஆரஞ்சுப் பழத்தைத் தோலுரித்து ஒரு சுளையை அவள் கையில் வைத்தான்.

வெற்றிச்செல்வன் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை வந்தான். முதல் முறை உண்மையாகவே அழுதான். இரண்டாவது முறை ஒரு போட்டோக்காரரை அழைத்து வந்தான். மூன்றாவது முறை, "கேஸை விடமாட்டோம்க்கா. கடைசி வரைக்கும் பாத்துருவோம்" என்று சொன்னான். போலீசில் செல்வாம்பாள் அரிகிருஷ்ணன் பெயரைச் சொன்னாள். ஜீனத்தும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். பாவாவுக்கு அதில் இஷ்டமில்லை. யாவாரம் பண்றவங்களுக்கு நாலு பேரும் வேணும் என்று முணுமுணுத்தார். "என் கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. பாக்கலைன்னு எப்படிச் சொல்றது?" என்று ஜீனத்து சொல்லிவிட்டாள்.

தையல் கம்பெனியில் செல்வாம்பாளைச் செக்கிங்கிலிருந்து மடிக்கிற பக்கம் மாற்றினார்கள். ஒற்றைக் கண்ணால் சட்டையின் மடிப்பு நேராக இருக்கிறதா என்று தெரியவில்லை. ஊசி குத்தினாற்போலத் தலைவலி வந்தது. தானாகவே நின்றுகொண்டாள்.

டெல்லியில் ஒரு பிரதமர் போய் இன்னொருவர் வந்தார். வெளியே இருந்து தாங்கிப் பிடித்தவர்கள் கையை எடுத்தார்கள். அவரும் போனார். மறுபடியும் தேர்தல் என்றார்கள். தொண்ணூற்றெட்டு பிப்ரவரி.

அந்தத் தேர்தலுக்கு முன்னால்தான் அது நடந்தது. செல்வாம்பாளின் கட்சியும் அரிகிருஷ்ணனின் கட்சியும் கூட்டணி சேர்ந்தன. தலைவர்கள் சால்வை மாற்றிக்கொண்ட படம் பேப்பரில் வந்தது. சக்கரபாணி அதை அவள் கண்ணில் படாமல் மடித்துப் பரண்மேல் செருகினான். டீக்கடையில் அவளுக்கு வேறொருவர் காட்டினார்.

பிரச்சாரத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். போனாள். கட்சி சொன்னால் போகவேண்டும் என்பது அவளுக்கு அதுவரை கேள்வியாகவே தோன்றியதில்லை. இரண்டு கொடிகளையும் ஒரே கம்பில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் போனார்கள். ஒரு முனையில் அரிகிருஷ்ணன் எதிரே வந்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த நோட்டீஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டான். ஊர்வலத்தில் வந்த பெண்கள் தரையைப் பார்த்து நடந்தார்கள். செல்வாம்பாள் மட்டும் வீடு வீடாகக் கும்பிட்டு, சின்னத்தின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டாள். அது அரிகிருஷ்ணனின் கட்சிச் சின்னம். தொகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

டெல்லியில் கூட்டணி ஆட்சி அமைந்தது. விரல்விட்டு எண்ணுகிற பலம்தான். எந்தக் கட்சி எப்போது போகும் என்று தினமும் செய்தி. அந்த நிலையில்தான் கேஸ் விசாரணைக்கு வந்தது.

வெற்றிச்செல்வன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். அப்போது அவன் தொகுதிச் செயலாளர். வெள்ளைச் சட்டை, வாசலில் கார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"அக்கா, நாளன்னிக்குக் கோர்ட்டுல இன்னார்தான்னு சொல்லாதீங்க. கூட்டத்துலேர்ந்து வந்துச்சி, யாருன்னு தெரியலைன்னு சொன்னாப் போதும்."

சக்கரபாணி எழுந்துவிட்டான். "இன்னாபா பேசுற நீ? கேஸை விடமாட்டேன்னு ஆஸ்பத்திரியில நின்னு சொன்னது யாரு?"

"அன்னிக்கு நெலம வேற, மாமா. இன்னிக்கு அவங்க நம்மகூட இருக்காங்க. மேலேர்ந்து சொல்லிட்டாங்க. உள்ளூர்ல ஒரு சின்ன விரிசல் வந்தாலும் பேப்பர்ல போடுவான். டெல்லியில ஆட்சியே நூல்ல தொங்கிக்கினு இருக்கு." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நீங்க கட்சிக்குக் கண்ணையே குடுத்தவங்க. ஒரு வார்த்தை குடுக்கமாட்டீங்களா?"

அந்தச் சொல் அவளைக் கட்டிப்போட்டது. சக்கரபாணி இரவும் மறுநாளும் சொல்லிப் பார்த்தான். "நீ பாத்ததைச் சொல்லு. மத்ததை அவங்க பாத்துக்கட்டும்." உடைந்த பாட்டிலுக்கு ஓர் அர்த்தம் வேண்டியிருந்தது அவளுக்கு. கட்சிக்காகப் போனது என்றால் அந்தக் கண் வீணாகப் போகவில்லை. கட்சி கேட்டதை மறுத்தால் அது என்ன கணக்கில் போனது?

கோர்ட்டு வாசலில் ஜீனத்து முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். சாட்சிகள் முறை வரும்வரை வெளியே இருக்கவேண்டும் என்று பெயர் கூப்பிடுகிற டவாலி சொல்லியிருந்தான். செல்வாம்பாளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். "வாய் காஞ்சி போயிருக்கு பாரு" என்று தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். செல்வாம்பாள் குடித்தாள். சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது. எறிந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார்கள். அரிகிருஷ்ணன் எதிரே கைகட்டி நின்றிருந்தான்.

"தெரியாதுங்க."

"போலீசில் பெயர் சொல்லியிருக்கிறீர்களே?"

"கூட்டமா இருந்துச்சிங்க. தெரியாதுங்க."

அரசு வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். அவருக்குக்கூட ஆச்சரியம் இல்லை.

வெளியே வந்தாள். ஜீனத்து எழுந்து நின்று, "சொல்லிட்டியா?" என்று கேட்டாள். செல்வாம்பாள் வாயைத் திறப்பதற்குள் டவாலி "ஜீனத்துன்னிசா" என்று மூன்று முறை கூவினான். ஜீனத்து அவள் கையை ஒரு முறை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

செல்வாம்பாள் கதவோரம் நின்று கேட்டாள். ஜீனத்து எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பந்தலில் யார் எங்கே நின்றார்கள், பாட்டில் எந்தக் கையில் இருந்தது, எறிந்தவன் அதோ நிற்கிறவன். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"கண்ணைப் பறிகொடுத்த அம்மாவே தெரியாது என்கிறார். இருபது முப்பது அடி தள்ளி நின்ற உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? யார் சொல்லிக் கொடுத்தது?"

ஜீனத்து திரும்பிக் கதவைப் பார்த்தாள். அங்கே நின்றவளைப் பார்த்தாள். பிறகு நீதிபதியிடம், "யாரும் சொல்லிக் குடுக்கலைங்கய்யா. நான் பாத்தேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அரிகிருஷ்ணன் விடுதலையானான். ஜீனத்து செல்வாம்பாளைக் கடந்து போய் பாவாவின் ஸ்கூட்டரில் ஏறினாள். அதற்குப் பிறகு குழாயடிக்கு அவள் வருகிற நேரம் மாறிவிட்டது. பாவாவின் கடைக்கு இரண்டு கட்சிக்காரர்களும் போவதை நிறுத்தினார்கள் என்று செல்வாம்பாள் கேள்விப்பட்டாள். பொய்ச்சாட்சி சொன்ன வீடு என்று யாரோ பேசியதையும் கேள்விப்பட்டாள். பேசியவன் தன் கட்சிக்காரன்தான்.

வருஷம் ஒன்று ஓடியது. தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பாராளுமன்றத்தில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கைதட்டினார்கள். செல்வாம்பாள் அடுப்பில் வைத்ததை மறந்து நின்றாள். எந்த ஆட்சி நிற்கவேண்டும் என்று அவள் கூண்டில் நின்று பொய் சொன்னாளோ, அது போயே போய்விட்டது. அதைத் தாங்க அவள் ஒரு வார்த்தை கொடுத்திருந்தது டெல்லியில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த தேர்தலுக்கு இரண்டு கட்சிகளும் எதிரெதிர் அணி. செப்டம்பரில் ஓட்டுப்பதிவு. ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை, பால் வாங்கப் போன சக்கரபாணி வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"செவுத்தைப் போய்ப் பாரு."

தெருமுனையில் போஸ்டர். ஆஸ்பத்திரியில் எடுத்த படம். கட்டுப் போட்ட முகம், கலைந்த தலை, திறந்த வாய். அதன் கீழே சிவப்பு எழுத்து: 'கண்ணைப் பறித்த கயவர் கூட்டத்துக்கா உங்கள் ஓட்டு?' ஓரத்தில் அரிகிருஷ்ணனின் பெயர். வரிசையாக ஒட்டியிருந்தார்கள். கடைச் சுவர், பள்ளிக்கூடச் சுவர், கழிவறைச் சுவர். பசை இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அரிகிருஷ்ணன் வந்தான். உள்ளே வரவில்லை. படியோரம் நின்றான். முடி நரைத்திருந்தது.

"அக்கா, எறிஞ்சது நான்தான். வெறியில எறிஞ்சேன். உங்க கண்ணைப் பாத்து எறியல. இதை முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். வக்கீல் வாயைத் தொறக்காதேன்னாரு, கட்சியிலயும் அதையேதான் சொன்னாங்க."

"இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"எம் பொண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. செவுத்துல அப்பா பேரைப் பாத்துட்டு பாதியில திரும்பி வந்துடுச்சி. எங்க கட்சியில போய்க் கேட்டா, உன்னாலதான் கெட்ட பேருன்னு ஆபீசுக்குள்ளயே விடமாட்டேங்குறாங்க."

செல்வாம்பாள் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது, ஆனால் அவன்மேல் முழுசாகப் போய் உட்காரவில்லை.

"நீ போ. உன்னை மன்னிச்சேன்னு நெனச்சிக்காத" என்றாள்.

நேரே கட்சி ஆபீசுக்குப் போனாள். வெற்றிச்செல்வன் எழுந்து நாற்காலி போட்டான். சாயங்காலக் கூட்டத்தில் மேடைக்கு வரவேண்டும், பேச வேண்டாம், கண்ணை மறைக்கப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும் என்றான்.

"போஸ்டரை எடுக்கச் சொல்லுங்க."

"அக்கா, உங்களுக்கு நடந்த அநியாயத்தைத்தானே ஜனங்களுக்குச் சொல்றோம்?"

"அநியாயத்தைச் சொல்லாதன்னு சொன்னதும் நீங்கதானே, தம்பி?"

அவன் முகம் சிவந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். "அது கட்சிப் போஸ்டர். தேர்தல் முடியட்டும்."

"கட்சிப் போஸ்டர்தான். மூஞ்சி என்னுது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாளித் தண்ணீரும் தோசைத் திருப்பியும் எடுத்துக்கொண்டாள். சக்கரபாணி நானும் வர்றேன் என்றான். வேண்டாம் என்றாள். தன் தெருவில் தொடங்கவில்லை. ஜீனத்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு வெளிச்சுவரில் மூன்று போஸ்டர்கள் ஒட்டியிருந்தன. கேட்காமல் ஒட்டியிருக்கிறார்கள்.

தண்ணீரை அடித்துச் சுரண்ட ஆரம்பித்தாள். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. படத்தில் நெற்றி மட்டும் பிய்ந்தது. சுரண்டுகிற சத்தம் கேட்டு ஜீனத்து வெளியே வந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் அவர்கள் முகம் பார்த்துப் பேசவில்லை.

"பச்சத் தண்ணியில வராது" என்றாள் ஜீனத்து. உள்ளே போய் ஒரு குண்டான் நிறைய வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அங்கேயே நின்றாள்.

செல்வாம்பாள் வெந்நீரை முகந்து ஊற்றினாள். காகிதம் ஊறியது. "ஜீனத்து" என்று கூப்பிட்டாள்.

"அன்னிக்கு நான் உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"நான் பாத்ததைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா தனியா நிக்கிறேன்னு தெரிஞ்சி நின்னுருப்பேன்."

செல்வாம்பாள் கையிலிருந்த தோசைத் திருப்பி நின்றது. ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண் இல்லாத பக்கத்திலும் நீர் வந்தது. ஜீனத்து கிட்டே வரவில்லை, உள்ளே போகவும் இல்லை. அழுது முடியும்வரை குண்டானைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் பொய் சொன்னேன், நீ சொன்னதுதான் நெசம். இதை ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லப் போறேன்" என்றாள் செல்வாம்பாள்.

"சொல்லு. எனக்காகச் சொல்லாத. இவரு கடையில உக்காந்துகினு தெருவைப் பாத்துட்டே இருக்காரு. அவருக்காகச் சொல்லு."

அன்று சாயங்காலம் வரை தெருத் தெருவாகச் சுரண்டினாள். கட்சிப் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து மறித்தார்கள். "யாரைக் கேட்டுக் கிழிக்கிறீங்க?" என்றார்கள். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பையன்கள் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு ஒரே பேச்சுத்தான் சொன்னாள்: "எறிஞ்சது அரிகிருஷ்ணன். கோர்ட்டுல தெரியாதுன்னு நான் பொய் சொன்னேன். பாவா ஊட்டு ஜீனத்துதான் நெசம் சொன்னவங்க." சிலர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். முடிந்துபோன கேஸை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்டவர்களும் உண்டு. கோர்ட்டுக்கு அது முடிந்த கேஸ்தான். விடுதலையானவன் விடுதலையானவன்தான், அதை அவளால் மாற்ற முடியவில்லை.

மறுநாள் காலை பாதிச் சுவர்களில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மறுபடியும் வாளியை எடுத்தாள். இந்த முறை சக்கரபாணி கேட்காமலே கூட வந்தான். நாலாம் நாள் வெற்றிச்செல்வன் அலுத்துப்போனானோ, அவனுக்கும் உள்ளே ஏதோ உறுத்தியதோ, ஒட்டுவது நின்றது. செல்வாம்பாளைக் கட்சியிலிருந்து நீக்கியதாகப் பேப்பரில் இரண்டு வரி வந்தது. காரணம் கட்டுப்பாட்டை மீறியது.

ஓட்டுப்பதிவு நாளில் ஏஜெண்டு நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். செல்வாம்பாள் வரிசையில் நின்று, மையிட்டுக்கொண்டு, மறைவுக்குள் போனாள். வெளியே வர நேரமாயிற்று. யாருக்குப் போட்டாய் என்று சக்கரபாணி கேட்டான். அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

ஜீனத்தோடு பழைய சிநேகம் அப்படியே திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜீனத்து நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்ப மறுபடியும் ஆரம்பித்தது இரண்டு வருஷம் கழித்து. பாவாவின் கடைக்கு மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். அரிகிருஷ்ணன் கட்சியை விட்டு ஒதுங்கி, கல்யாணப் பந்தல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். அவள் நிற்காமல் போய்விடுவாள்.

அந்த இரண்டு கட்சிகளும் அதற்குப் பிறகு எத்தனையோ முறை சேர்ந்தன, பிரிந்தன. செல்வாம்பாளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. லாஸ்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு பெண், சின்ன வயசுக்காரி, கழுத்தில் துண்டும் முகத்தில் வியர்வையுமாக வாசலில் நின்று, "அம்மா, மறக்காம நம்ம கூட்டணிக்குப் போட்டுருங்க" என்றாள்.

செல்வாம்பாள் அவளை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கட்சிக்கு எவ்ளோ வேணா ஓடு, கண்ணு. பாத்ததைப் பாக்கலைன்னு மட்டும் யாரு சொல்லச் சொன்னாலும் சொல்லிடாத" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு, நோட்டீஸை ஜன்னலில் செருகிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.